காங்கேயம் பக்கம் மூன்று நாள்: பெட்டி தேடலும் காலாற நடையும்

கொங்கு நாட்டுப் பயணங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஐயா வணக்கம். எங்களுக்கு ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அரையாண்டு லீவில் மூன்று நாள் எங்காவது போகலாம் என்றால் போனை விட்டுத் தலை நிமிர மாட்டேன் என்கிறார்கள். மூத்தவன் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைப் பற்றிப் பார்த்துவிட்டு, அதற்காக என்றால் நடக்கிறேன் என்கிறான். ஊட்டிக் கூட்டம் வேண்டாம். பக்கத்திலேயே ஒரு திட்டம் சொல்லுங்கள். – வாசகி, திருப்பூர்

அம்மணி, பையன் நல்ல விளையாட்டாகத்தான் பிடித்திருக்கிறான். அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவிகள் ஒரே இரவில் பத்து, இருபது மீட்டருக்குள் காட்ட ஆரம்பித்தன. சங்கிலி பிடித்து நிலம் அளந்த எங்கள் தலைமுறைக்கு அது பெரிய செய்தி. அந்த மே 3ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு வாளியை வைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். சில நாளிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க நடப்பதும் இதுதான். யாரோ ஒரு பெட்டியை மறைத்து வைத்து இடத்தின் எண்களைத் தருவார்கள். நாம் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பொருளை எடுத்தால் அதே மதிப்புள்ள வேறொன்றை வைக்க வேண்டும். கோலிக்குண்டு, பம்பரம், உங்கள் ஊர் பட்டன் எல்லாம் சரிதான். தின்பண்டம் மட்டும் கூடாது. எறும்பும் அணிலும் பெட்டியை விட்டுவைக்காது.

இதற்கான செயலியில் இலவசமாகவே சேரலாம். இலவச உறுப்பினருக்கு எல்லாப் பெட்டிகளும் காட்டாது, ஆரம்பிக்க அது போதும். ஆனால் இந்தியாவில் பெட்டிகள் ஐரோப்பாவைப் போல அடர்த்தியாக இல்லை. நீங்கள் போகும் ஊரில் ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். அதனால் முதலில் நடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பெட்டி இருந்தால் தேடுங்கள். இல்லாவிட்டால் நீங்களோ வீட்டுக்காரரோ அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு சின்ன டப்பாவை வைத்து, எண்களைக் குறித்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பொழுதோடு வீட்டுக்குக் கிளம்பும்போது டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

என் திட்டம் இது. சென்னிமலையிலோ காங்கேயத்திலோ தங்குங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு நடை. வெயில் ஏறும் முன் ஒன்று, நாலு மணிக்கு மேல் ஒன்று. இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். நடுப்பகல் சாப்பிடவும் தூங்கவும்.

முதல் நாள் காலை, ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் நஞ்சராயன் குளத்துக்கே போங்கள். திருப்பூர்க்காரர்கள் பலர் அதை எட்டிப் பார்த்ததில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த நீர்நிலை அது. மார்கழியில் வெளிநாட்டு வாத்துகளும் வந்திருக்கும். கரையில் அமைதியாக நடந்தால் போதும்.

அன்று சாயங்காலம் சிவன்மலை. மேலே கோயில் வரை வாகனத்தில் போகலாம். நடக்கிறவர்களுக்குப் படி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பெட்டியில் ஆர்வம் வந்துவிட்டதால் ஆண்டவர் உத்தரவுப் பெட்டியைக் கட்டாயம் காட்டுங்கள். பக்தர் ஒருவர் கனவில் முருகன் சொன்ன பொருளை, பூக் கேட்டு உத்தரவு கிடைத்த பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், நெல், துப்பாக்கி என்று எது எதுவோ அங்கே இருந்திருக்கிறது. பார்க்கத்தான், தொடுவதற்கில்லை.

சிவன்மலையில் இன்னொரு தேடலும் உண்டு. இதே விளையாட்டில் 2004 முதல் எர்த்கேச் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பெட்டியே கிடையாது. ஒரு பாறைக்கோ ஓடைக்கோ போய், அங்கே பார்த்தால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்விக்குப் பதில் கண்டுபிடித்து எழுத வேண்டும். நம் பக்கத்துக்கு இந்த வகைதான் ரொம்பப் பொருத்தம் என்பது என் எண்ணம். கோயில் மலையில் எதையும் மறைத்து வைக்க வேண்டியதில்லை, கல்லைப் புரட்ட வேண்டியதில்லை. சிவன்மலைப் பாறை உலகத்துப் புவியியலாளர்களுக்குத் தெரிந்த பாறை. நெஃபெலின் சைனைட் என்பார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பார்க்கக் கருங்கல் போலத்தான் இருக்கும். ஆனால் உருகிய நிலையில் சிலிக்கா குறைவாக இருந்ததால், சாதாரணக் கருங்கல்லில் இருக்கிற வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) இதில் உருவாகவில்லை. குருந்தக்கல்லும் இந்தப் பக்கம் கிடைத்திருக்கிறது. ஓடைக்கரையில் கிடக்கும் வெங்கச்சாங்கல் ஒன்றைப் பையன் கையில் கொடுத்து, "இதேபோல வெள்ளையாக, கண்ணாடி மாதிரி மினுங்கும் பொட்டு இந்தப் பாறையில் இருக்கிறதா பார்" என்று விடுங்கள். உடைக்கக் கூடாது, சுரண்டக் கூடாது; கண்ணால் மட்டும். ஒன்பது வயசுப் பிள்ளைக்கும் இது பிடிக்கும்.

இரண்டாம் நாள் காலை கொரங்காடு. காங்கேயம் மாட்டை எல்லோருக்கும் தெரியும், அதை வளர்த்த மேய்ச்சல் காட்டைப் பலருக்குத் தெரியாது. கிளுவை முள்ளில் உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த மண்ணில் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்ற நம் முன்னோர் கண்ட ஏற்பாடு இது. வெள்வேலங்காய் கீழே விழுந்தால் ஆடு மாடு விடாது. ஐப்பசி மழைக்குப் பிறகு போனால் புல் முழங்கால் உயரம் நிற்கும். இவை தனியார் நிலங்கள். காட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே காலை வைக்காதீர்கள். படலைத் திறந்தால் மூடிவிட்டு நடங்கள். திறந்து கிடந்தால் மாடு ரோட்டுக்கு வந்துவிடும். இங்கே பெட்டி எதுவும் வேண்டாம். வேலியோரம் எத்தனை வகைக் குருவி என்று எண்ணச் சொல்லுங்கள், போதும்.

அன்று மாலை கொடுமணல். நொய்யலின் வடகரையில், சங்கப் பாட்டில் கொடுமணம் என்று வருகிற ஊர். அகழாய்வில் மணிக்கல் அறுத்துப் பாசி செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. சுற்றிலும் பெருங்கற்காலத்து ஈமக் கல்வட்டங்கள். ஓடோ பாசியோ கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விடச் சொல்லுங்கள், ஒன்றைக்கூடப் பையில் போட விடாதீர்கள். அது கிடந்த இடத்தில் கிடந்தால்தான் ஆய்வாளருக்கு அர்த்தம். நொய்யல் தண்ணீரில் பிள்ளைகளை இறக்க வேண்டாம். சாயக்கழிவு அந்த ஆற்றுக்குச் செய்ததை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை வெள்ளோடு பறவைகள் சரணாலயம். இதுவும் 2022 முதல் ராம்சர் இடம். சூரியன் எழுகிற நேரத்துக்குப் போய்விடுங்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் எல்லாம் பார்க்கலாம். பிறகு ஈரோட்டுப் பக்கம் இறங்கி, சாயங்காலம் காளிங்கராயன் வாய்க்கால் கரையில் நடங்கள்.

என்னைக் கேட்டால் மூன்று நாளில் சிறந்த நடை இதுதான். பதிமூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால், பவானி ஆற்றுத் தண்ணீரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கொண்டுபோய் நொய்யலில் சேர்க்கிறது. ஒரு பாம்பு போன வழியிலேயே காளிங்கராயன் இதை வெட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு வளைவு. அளவையர் கண்ணுக்கு அந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரியும். தண்ணீர் ஓட நிலம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போக வேண்டும். அதிகம் சரிந்தால் கரை அரிக்கும், வாய்க்காலும் சீக்கிரம் பள்ளத்துக்கு இறங்கிவிடும். பிறகு மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் மட்டம் போகிற வழியிலேயே வாய்க்காலும் சுற்றிச் சுற்றிப் போகிறது. தியோடலைட்டும் இல்லை, மட்டக் கருவியும் இல்லை, தண்ணீரையே மட்டமாக வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பையனிடம் போனைக் கொடுத்து, நடையின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி குறிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம், நடந்தது எவ்வளவு தூரம்? அந்த வித்தியாசத்தை அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும். வாய்க்கால் ஆழம், வேகமும் உண்டு. சின்னவளின் கையை விட்டுவிடாதீர்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்குத் தோட்டம். போன மாதம் கார் ஒன்றை நிறுத்திவிட்டு நாலு பேர் போனைப் பார்த்துக்கொண்டு எங்கள் வேலியோரம் குனிந்து குனிந்து தேடினார்கள். கேட்டதற்கு விளையாட்டு என்றார்கள். வீட்டில் அம்மா தனியாக இருந்தார், பயந்துவிட்டார். இது என்ன விளையாட்டுங்க? – வாசகர், வெள்ளகோவில் அருகே

உங்கள் அம்மா பயந்தது நியாயம். சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நடந்த கொடுமைகளை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்துவிட்டோம். பட்டியில் ஆடு போகிற கவலை வேறு. இந்த நிலையில் முன்பின் தெரியாத நாலு பேர் வேலிக்குள் கையை விட்டுத் தேடினால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

விளையாட்டின் விதியே நில உடைமையாளர் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்கக் கூடாது என்கிறது. உங்கள் வேலியில் யாரும் அனுமதி கேட்கவில்லை என்றால் அதை எடுத்துவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தேட வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வண்டியை நிறுத்தியவுடன் முதலில் போனை எடுக்காதீர்கள். பக்கத்துச் சாளையில் ஆள் இருந்தால் வெளியில் நின்றே குரல் கொடுங்கள். "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். ஊரைச் சொல்லுங்கள், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். உள்ளூர்ச் சொந்தக்காரர் பெயர் ஒன்று இருந்தால் அரை நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொன்னது இதற்காகத்தான். பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, தேடுவது என்ன என்று அவர்களையே சொல்ல வையுங்கள். பெரும்பாலும் மோரோ இளநீரோ கொடுத்துத்தான் அனுப்புவார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அத்தோடு கிளம்பிவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு டார்ச் அடித்துக்கொண்டு எந்தக் காட்டோரமும் போகவே கூடாது.

எண்களைச் சரியாகப் போட்டுப் போனால் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருகிறது, பெட்டியைக் காணோம். என் போன் கோளாறா? – கல்லூரி மாணவர், ஈரோடு

போன் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. எண்கள் டிகிரி, நிமிடம், நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வரும். காங்கேயம் வடக்கு 11 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இங்கே ஒரு நிமிடம் என்பது தரையில் சுமார் 1.8 கிலோமீட்டர், கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.8 மீட்டர். எழுத்தில் அவ்வளவு துல்லியம் இருக்கும். ஆனால் கையிலிருக்கும் போன் வெட்டவெளியில் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பாறைக்கு அடியிலும் அடர்ந்த மரத்துக்குக் கீழும் இன்னும் அதிகம். பெட்டி வைத்தவரின் போனும் இப்படித்தான் தள்ளிக் காட்டியிருக்கும். இரண்டு பிழையும் சேரும்.

அதனால் பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிடு. நின்று சுற்றிப் பார். எது இயற்கையாக இல்லை? காற்று அடுக்காத கல்லடுக்கு, தரையில் ஒட்டாத ஒரு கல், பொந்தின் வாயில் செருகிய சுள்ளி. எல்லைக்கல் தேடும்போது நாங்கள் செய்வதும் இதுதான். புலப்படம், அதாவது நில அளவை வரைபடம், பக்கத்தில் கொண்டுபோய் விடும், மிச்சத்தைக் கண்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதே. கல்லிடுக்கில் சுருட்டை விரியன் இருக்கும். முதலில் குச்சி, அப்புறம் கை. மூடிய செருப்பு போட்டுக்கொள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போ. 108ஐக் கூப்பிடு.

டாப்சிலிப், சத்தியமங்கலம் பக்கம் ஜாலியாகக் காட்டுக்குள் நடந்து பெட்டி தேட முடியுமா? – வாசகர், கோவை

முடியாது, கூடவும் கூடாது. இரண்டும் புலிகள் காப்பகம். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். யானை நடமாடும் காட்டில் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு நடப்பது உயிரோடு விளையாடுவது. காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பதியுங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு அது தொடங்கியது. கூடவே வழிகாட்டி வருவார். கோடைக் காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். ஊட்டி வழியாகப் போனால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். அப்போதும் காட்டுக்குள் எதையும் வைக்கவோ எடுக்கவோ வேண்டாம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. பேரப்பிள்ளைகளோடு வர ஆசைப்படுகிறார். – வாசகி, கரூர்

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். ஒன்று தேடும் கடினம், மற்றது நிலத்தின் கடினம். இரண்டும் 1 முதல் 5 வரை. நிலத்துக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில்கூடப் போகலாம். 1.5க்கு மேல் அம்மாவுக்கு வேண்டாம். சென்னிமலையில் 1,320 படி, ஆனால் வண்டி மேலே வரை போகும். பிள்ளைகள் அப்பாவோடு படியில் ஏறட்டும். அம்மா மேலே காத்திருக்கட்டும். வாய்க்கால் கரையில் ஒரு மடக்கு நாற்காலி போதும். பழைய மரங்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி குடும்பம், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கொண்டுவரப் போகிறது. பயன்படுத்தலாமா? – வாசகர், தாராபுரம்

கொண்டுவர வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். செயற்கைக்கோள் போனும் அந்த வகைக் கருவிகளும் முன் அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் சாதாரண போனுக்கே சிக்னல் கிடைக்கும்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்காக நானே ஒரு பெட்டி வைக்க விரும்புகிறேன். சென்னிமலைப் படியோரமோ அரச்சலூர் இசைக் கல்வெட்டுப் பக்கமோ வைக்கலாமா? – மாணவி, பெருந்துறை

ஆசை நல்ல ஆசை கண்ணு. ஆனால் அந்த இரண்டு இடமும் வேண்டாம். கல்வெட்டுக் குகையில் ஆள் தேடித் துழாவினால் எழுத்துக்குத்தான் சேதம். இவ்வளவு பழைய இசை எழுத்து நமக்கு வேறெங்கே இருக்கிறது? கோயில் படியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைப் பார்த்தால் யாராவது போலீசைக் கூப்பிடுவார்கள், கூப்பிடவும் வேண்டும்.

உன் சொந்தக்காரர் தோட்டத்து வேலி, தெரிந்தவர் டீக்கடைத் திண்ணை, ஊர்ப் பொது நூலகம் இப்படி அனுமதி தரக்கூடிய ஓர் ஆள் இருக்கிற இடமாகப் பார். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா எடு. இது என்ன, யார் வைத்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மேலே ஒட்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். நீ பதிந்ததும் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் வெளியாகும்.

எண்களை ஒரே தடவை எடுக்காதே. வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் எடுத்துச் சராசரி போடு, பிழை குறையும். மழைக்குப் பிறகு போய் நோட்டு நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மூடியைத் தூக்கிக்கொண்டு போகும், மேலே கனமான கல் ஒன்று வை. படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போவதாக இருந்தால் பெட்டியை உள்ளூரில் ஒருவரிடம் ஒப்படை. யாரும் கிடைக்காவிட்டால் எடுத்துவிட்டு, பதிவையும் மூடிவிடு.